சகனிலிருந்து எழுந்த மாப்பிள்ளை

போன மாதம் எனக்கே எண்டோஸ்கோப்பி செய்தார்கள். நெஞ்செரிச்சல்தான், பெரிதாக ஒன்றுமில்லை. என்னை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்த பெண், சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டி, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பார்த்தேன். என் இரைப்பை, என் கண்ணெதிரில், சினிமா மாதிரி ஓடியது. வாயில் குழாய் இருந்ததால் பிழைத்தாள். இல்லாவிட்டால் அங்கேயே ஒரு சொற்பொழிவு நடத்தியிருப்பேன்.

குழாயை வெளியே எடுத்ததும், தொண்டை மரத்துப் போயிருந்தபோதே சொல்லிவிட்டேன். நானும் இந்த வேலையில் இருந்தவள்தான், மட்டாஞ்சேரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன், ஆயிரக்கணக்கான பேருக்குப் பேரியம் கொடுத்துப் படம் எடுத்தவள் என்று. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். "பேரியமா ஆன்ட்டி? புத்தகத்துல பார்த்ததோட சரி. அதுல என்ன தெரியும்?"

என்ன தெரியுமா? எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே மூச்சில் சொல்கிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்காகத்தான் இது.

எங்கள் வீடு தமிழ் வீடு. தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்கு வெலிங்டன் தீவில் துறைமுக வேலை. அவர் என்னை டீச்சராக்க நினைத்தார், எனக்குக் கத்திக் கத்திப் பேசும் வேலையில் விருப்பமில்லை, எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தேன். படித்து முடித்ததும் எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. படிப்பைப் பற்றி இவ்வளவு போதும், அதில் சுவாரசியமாக ஒன்றும் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் சுக்கு மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலை. எக்ஸ்ரே அறைக்கு ஜன்னலே கிடையாது, இருட்டுக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து சுக்கு மணம் கிளம்பும். மூச்சைப் பிடியுங்கள் என்று நான் சொல்லும் நேரம் பார்த்து நோயாளி தும்முவார். படம் போச்சு, மறுபடி எடு.

எங்கள் பெரிய டாக்டர் சாக்கோ. வயிற்று நோய்களில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று நான் இன்றைக்கும் சண்டை போடத் தயார். பருத்த உடம்பு, சாப்பாட்டுப் பிரியர். நோயாளி வந்து உட்கார்ந்ததும் எங்கே வலி என்று கேட்க மாட்டார். "எந்தா கழிச்சது?" என்று கேட்பார். என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, எந்த எண்ணெய், எத்தனை கவளத்துக்குப் பிறகு வலித்தது, தண்ணீர் குடித்தாயா, சுடுதண்ணீரா பச்சைத் தண்ணீரா. கேட்டுக்கொண்டே நாக்கைச் சப்புக்கொட்டுவார். புதிதாக வந்தவர்கள், இவர் வைத்தியம் பார்க்கிறாரா, விருந்துக்கு அழைக்கச் சொல்கிறாரா என்று திகைத்துப் போவார்கள்.

ஒருமுறை வைப்பின் தீவிலிருந்து படகில் ஒருவர் வந்தார். தொண்டைக்குக் கீழே மீன்முள் சிக்கி வாரக்கணக்காகிறது, போகவே மாட்டேன் என்கிறது என்றார். எந்த மீன் என்று கேட்டார் டாக்டர். மத்தி என்று பதில் வந்தது. டாக்டரின் முகம் மாறிவிட்டது. மத்தியின் முள் அத்தனை நாள் நிற்கிற ஜாதியில்லை, இது வேறு ஏதோ, இன்றைக்கே பேரியம் கொடு என்றார். கொடுத்தோம். உணவுக்குழாயில் ஒரு பக்கம் மட்டும் அரித்தது போல் இருந்தது. கட்டி, ஆனால் ஆரம்ப நிலை. எறணாகுளத்துக்கு அனுப்பி அறுவை செய்து மனிதர் பிழைத்தார். அடுத்த வருடம் ஒரு கூடை மத்தியோடு வந்து டாக்டரின் மேஜைமேல் வைத்தார். கன்சல்டிங் அறை ரெண்டு நாளைக்கு நாறியது.

பேரியம் என்பது சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒரு வெள்ளைக் கலவை. அதைக் குடித்தால் அது போகும் வழியெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும். குடிக்கவைப்பதுதான் பாடு. நான் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பார்த்தேன், நன்னாரி சர்பத் கலந்து பார்த்தேன். பாயசம் என்று நினைத்துக் குடியுங்கள் என்று கெஞ்சியும் இருக்கிறேன். திரையில் நேராகப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு கூத்து. அந்தக் காலத்துத் திரை மங்கலான பச்சை வெளிச்சம்தான் தரும். கண் இருட்டுக்குப் பழகினால்தான் ஏதாவது தெரியும். அதற்காக டாக்டர் முன்கூட்டியே ஒரு சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடமாடுவார். பட்டப்பகலில் சிவப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று சாயா குடிக்கும் அவரைப் பார்க்கத் தெருவில் கூட்டம் நிற்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எண்டோஸ்கோப் வந்தது. பெட்டியைத் திறந்த அன்று டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி துள்ளினார். வளைகிற கறுப்புக் குழாய், ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் துளை. திரையெல்லாம் கிடையாது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். முதல் நோயாளியின் அனுமதி வாங்கி எங்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துக் காட்டினார். என் முறை வந்தது. அதுவரை கறுப்பு வெள்ளை நிழலாக மட்டுமே நான் பார்த்திருந்த இரைப்பை, ரோஜா நிறத்தில் ஈரமாக மினுங்கி மெல்ல மடிந்து மடிந்து அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நகருங்கள் என்று பின்னாலிருந்தவர்கள் இடித்தும் நகரவில்லை.

இந்தக் குழாய் வந்த புதிதில்தான் ஜமால் வந்தான்.

ஜமாலுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரம். தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். கொச்சங்காடியில் மிளகு, சுக்கு மண்டி வைத்திருந்த காசிம் ராவுத்தரின் ஒரே மகள் நசீமாவைக் கட்டியிருந்தான். மாமனார் அவனை வீட்டோடு வைத்துக்கொண்டு மண்டியிலேயே வேலையும் கொடுத்திருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை, ஆள் எலும்பும் தோலுமாக இருந்தான். வெளியில் எங்கோ ஒரு பேரியம் எடுத்திருந்தார்கள், வயிற்றில் புண் இல்லை என்று எழுதியிருந்தது. எங்கள் டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். லேசாக ஓர் இடத்தில் தடுத்தது, கொஞ்சம் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளே எல்லாம் சுத்தம். நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்.

நல்ல செய்தி என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த நார்மல் ஒரு குடும்பத்தை உடைக்கப் பார்த்தது.

ஏன் என்று புரிய, அவர்கள் வீட்டு விருந்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விருந்தென்றால் சகன். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவார்கள். சகனில் கை வைத்தவர் மற்றவர்கள் முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். நடுவில் எழுந்தால் கூட உட்கார்ந்தவர்களை அவமதித்ததாக அர்த்தம். புதுமாப்பிள்ளை ஜமாலை மாமனாரின் சொந்தங்கள் வீடு வீடாக விருந்துக்கு அழைத்தார்கள். போன வீட்டிலெல்லாம் அவன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்றான்.

எங்கள் டாக்டர் அறையில், அந்த நார்மல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காசிம் ராவுத்தர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவர் கத்தவில்லை. "வயித்திலெ ஒண்ணுமில்லேன்னு நீங்களே எழுதிட்டீங்க டாக்டரே. அப்பொ என் வீட்டுச் சோறுதான் இவருக்கு ஆகலெ. பிடிக்காதவரைக் கட்டி வெச்சு என்ன செய்ய?" வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசித் தீர்த்துவிடுவதாகவும், புதுநகரத்திலிருந்து மாப்பிள்ளையின் அத்தாவை, அதாவது அவன் அப்பாவை, வரச்சொல்லி ஆள் அனுப்பியாயிற்று என்றும் சொன்னார். தீர்ப்பது என்றால் கல்யாணத்தைத் தீர்ப்பது. ஜமால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் ஏதேதோ கேட்டார். எல்லாக் கேள்விக்கும் பசி இல்லை, வயிறு சரியில்லை என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

வெளியே வராந்தாவில் நசீமா உட்கார்ந்திருந்தாள். நல்ல துறுதுறுப்பான பெண். நான் தமிழ் பேசுவது கேட்டு என் சேலையைப் பிடித்து நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் பெண்ணாகப் பிறந்த எல்லோரும் மக்களுக்கு சிஸ்டர்தான், எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டதில்லை.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும், அத்தாகிட்டெ சொல்லிடாதீங்க. காலையிலெ அவரோடெ தலையணை நனைஞ்சு கெடக்கும். ராத்திரி தின்ன சோறு அப்டியே வாய் வழியா வந்திருக்கும். யாரும் எழும்பறதுக்கு முந்தி நான் அலக்கிப் போட்டுடுவேன்."

நோயாளி மாப்பிள்ளை என்று பேர் வந்துவிடக் கூடாதென்று அவள் தலையணை உறையைத் துவைத்து மறைத்திருக்கிறாள். அதே பயத்தில் அவன் பசியில்லை என்று சொல்லி மறைத்திருக்கிறான். நான் உள்ளே ஓடிப்போய் டாக்டரின் காதில் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புளித்த மணம் உண்டா?

மறுபடி வராந்தாவுக்கு ஓடினேன். "புளிச்ச மணம் ஒண்ணும் இல்லெ" என்றாள் நசீமா. "இப்பத்தான் வடிச்ச சோறு மாதிரி இருக்கும்."

இதைக் கேட்டதும் சாக்கோ டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் மேஜை ஆடியது. "லலிதே, ஆ சோறு வயிற்றில் போயிட்டே இல்லா" என்றார் என்னிடம். அந்தச் சோறு வயிற்றுக்குள் போகவே இல்லை. இரைப்பைக்குள் போய்த் திரும்பிய சோறு அமிலத்தில் புளித்திருக்கும். புளிக்காத சோறு மேலேயே, உணவுக்குழாயிலேயே ராத்திரி முழுக்க நின்ற சோறு. எல்லோரும் வயிற்றைத் தேடிக்கொண்டிருந்தோம், நோய் வயிற்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

குழாய் விட்டபோது இது ஏன் தெரியவில்லை? பட்டினியாக வரச் சொன்னால், பயத்தில் அவன் முந்தின நாளிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். உணவுக்குழாய் காலியாக இருந்தது. வாசலை இறுக்கிப் பிடித்த தசை, குழாயை அழுத்தியதும் வழிவிட்டுவிட்டது. சோற்றுக்கு அப்படி அழுத்தத் தெரியாதே. அதனால் இனி குழாய் வேண்டாம், வெளியில் எடுத்தது போல் வழுக்கிப் போய்விடும் நீர்த்த பேரியமும் வேண்டாம், சோறு எப்படிப் போகிறதென்று சோற்றையே வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ராவுத்தரைக் கூப்பிட்டு, நாளைக் காலை வீட்டிலிருந்து நெய்ச்சோறும் இறைச்சியும் கொண்டுவரச் சொன்னார்.

ராவுத்தர் சந்தேகமாகப் பார்த்தார். "டெஸ்டுக்கா, விருந்துக்கா?"

"ரண்டினும்" என்றார் டாக்டர். இரண்டுக்கும்தானாம்.

மறுநாள் மண்டித் தொழிலாளி ஒருவர் தலையில் ஒரு முழு சகனை வைத்துக்கொண்டு வந்தார். ஒருவருக்கு மட்டும் சோறு கொடுத்தனுப்ப அந்த வீட்டுக்கு வழக்கமில்லை. மூடியிருந்த துணியை எடுத்ததும் நெய் மணம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, பட்டினியாக ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். நான் ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்து, பேரியத்தைக் கெட்டியாகக் குழைத்து அதில் பிசைந்தேன். அப்படிப்பட்ட நெய்ச்சோற்றுக்கு நான் செய்த அந்த அநியாயத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர் மிச்சமிருந்த சகனை மூடிப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். இருந்த இரண்டாவது சிவப்புக் கண்ணாடியை ராவுத்தரின் மூக்கில் மாட்டினார். நீங்களும் உள்ளே வந்து பாருங்கள் என்றார். கொச்சங்காடியே மரியாதை கொடுக்கும் மனிதர், எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கனத்த ஈய ஏப்ரனும் கண்ணில் சிவப்புக் கண்ணாடியுமாக வராந்தாவில் டாக்டரோடு நின்று சாயா குடித்தார். இப்படி நடக்கும் என்று எங்கள் யாருக்கும் முன்னமே தெரியாததால் கேமரா கொண்டுவரவில்லை.

உள்ளே போனோம். விளக்கை அணைத்தேன். ஜமால் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், கையில் கிண்ணம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் காலால் சுவிட்சை அழுத்தினார். பச்சை வெளிச்சம் வந்தது. விலா எலும்புகள் தெரிந்தன, இதயம் துடிப்பது தெரிந்தது. ராவுத்தர் மெல்ல அல்லாஹ்வின் பேரைச் சொன்னார்.

ஒரு கவளம் விழுங்கச் சொன்னோம். படத்தில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் திரையில் கறுப்பாகத் தெரியும். கறுப்பு உருண்டை ஒன்று கழுத்திலிருந்து இறங்கி நெஞ்சு வழியாக வந்தது. இரைப்பைக்குச் சற்று மேலே நின்றது. நின்றது நின்றதுதான். இரண்டாவது கவளம் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. மூன்றாவது அதற்கும் மேல். அடியில் எல்லாம் கூர்ந்து ஒரு நூலாக முடிந்தது. எலிவால் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை நான் உயிரோடு பார்ப்பது அதுதான் முதல் முறை. மளமளவென்று படங்களை எடுத்துத் தள்ளினேன்.

"எறங்கலெயே" என்றார் ராவுத்தர். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

வீட்டில் இப்படி நின்றுகொண்டால் என்ன செய்வாய் என்று டாக்டர் ஜமாலைக் கேட்டார். நான் தமிழில் திருப்பிக் கேட்டேன். "எந்திரிப்பேன்" என்றான்.

இப்போது எழுந்திரு என்றார் டாக்டர். அவன் எழவில்லை. நானும் சொன்னேன். எழவில்லை. கறுப்புத் தூண் நெஞ்சில் ஏறிக்கொண்டே இருக்கிறது, அவனுக்கு மூச்சு முட்டுகிறது, திரையில் தெரிகிறது. கையில் மாமனார் வீட்டுச் சோறு, பக்கத்தில் மாமனார். அந்தச் சோற்றிலிருந்து நடுவில் எழுந்துதானே இத்தனை வினையும் வந்தது. செத்தாலும் எழமாட்டான் போலிருந்தது.

இருட்டிலிருந்து ராவுத்தர் சொன்னார். "எந்திரிங்க மாப்பிளெ. நான் சொல்றேன், எந்திரிங்க."

ஜமால் எழுந்தான். டாக்டர் திரையைக் கூடவே உயர்த்தினார். நான் வெதுவெதுப்பான தண்ணீரை நீட்டினேன். அவன் அதைக் குடித்து, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து நின்றான். அந்தக் கறுப்புத் தூண் ஒரு கணம் நடுங்கியது. அடியிலிருந்த நூல் விரிந்தது. மொத்தச் சோறும் சரசரவென்று இரைப்பைக்குள் இறங்கிப் பரவியது. டாக்டர் இருட்டிலேயே கைதட்டினார், ஈயக் கையுறையோடு. நானும் தட்டினேன். அந்த அறையில் யாரும் அதற்கு முன்னும் பின்னும் கைதட்டியதாக எனக்கு நினைவில்லை.

விளக்கைப் போட்டபோது ராவுத்தர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சிவப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். அழுத கண்ணை மறைக்கத்தான். நாங்களும் கண்டுகொள்ளவில்லை.

நோயின் பேர் அக்கலேசியா. விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டிய வளையத் தசை இறுகியே இருக்கும். அது மனசு சம்பந்தப்பட்டதில்லை, யார் சமையலையும் குறை சொல்வதில்லை. எறணாகுளத்தில் அறுவை செய்து அந்தத் தசையை நீளவாக்கில் கீறிவிட்டால் வழி திறந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூடத்தான் செய்தது. சண்டைக்குத் தயாராக வந்திருந்த ஜமாலின் அத்தா கையில், ராவுத்தர் என் எக்ஸ்ரே படத்தைக் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாராம். நோயை மறைத்துக் கட்டிவைத்தார்களே என்று கூட்டத்தில் ஒருவர் கிளப்பியதற்கு அதற்குள் மகளிடமிருந்தே தலையணைக் கதையைக் கேட்டிருந்த ராவுத்தர் சொன்ன பதிலை, நசீமா எனக்கு நடித்தே காட்டினாள். "அவர் நோயெ மறைச்சார், என் மக தலையணெயெ மறைச்சா. செரிக்குச் செரி. பேச்சை விடுங்க."

அறுவை நல்லபடியாக நடந்தது. உடம்பு தேறியதும் ஜமாலுக்கு நானே மறுபடி பேரியம் கொடுத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே, தடையில்லாமல், நேராக இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு ராவுத்தர் ஆஸ்பத்திரி ஆட்கள் அத்தனை பேரையும் விருந்துக்கு அழைத்தார்.

கூடத்தில் ஆண்களுக்கு சகன் போட்டிருந்தார்கள். உள்ளறையில் எங்களுக்கு. நான் சைவம் என்று எனக்கு முன்னால் நெய்ச்சோறும் பருப்பும் தனியாக வைத்துவிட்டு, அதிலேயே தானும் கை வைத்தாள் நசீமா, நான் தனியாகச் சாப்பிடக் கூடாதாம். கதவுத் திரை விலகியிருந்ததால் கூடம் எங்களுக்குத் தெரிந்தது. ராவுத்தர், ஜமால், ஜமாலின் அத்தா, எங்கள் டாக்டர் நான்கு பேரும் ஒரே சகனில். டாக்டர் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கடமையில் ஆழ்ந்திருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் ஜமால் எழுந்தான்.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. ராவுத்தரின் கை சோற்றிலேயே நின்றது. நசீமா எச்சில் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. எனக்கும் உயிர் ஒரு நிமிடம் போய் வந்தது. தசை மறுபடி இறுகிவிட்டதா, படத்தில் நான்தான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா.

ஜமால் நேராக மூலையில் நெய்ச்சோறு வைத்திருந்த பெரிய செம்புக்குப் போய் மூடியைத் திறந்தான்.

"யாரும் எந்திரிக்காதீங்க மாமா" என்றான். "சகன்லெ சோறு தீரப்போவுது. எனக்கு இன்னும் பசிக்குது."